கீறல் விட்ட கோப்பை

"புதுக் கோப்பைய வாங்கியாந்து என் பாட்டையே கெடுத்துட்டியேடா!"

விருத்தாசலம் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் மடியில் கிதார். கூட்டாளியின் காலடியில், வைக்கோல் திணித்த கூடை நிறைய பீங்கான் கோப்பைகள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. வாலிபத்தில் இசைத்தட்டில் போட்ட பாட்டை, கரண்டு கிதார் சேர்த்து மறுபடி பதிய மெட்ராஸ் போகிறார்களாம்.

"பழசு கீறல் விட்டிருந்துச்சு. அதான் பீங்கான் பேக்டரியில நல்லதா கேட்டு வாங்கினேன்."

"அந்தக் கீறல் கோப்பையத் தட்டுனதாலதான்டா ஊரே நம்ம பாட்டக் கேட்டுச்சு. டொக்குனு வருமே, எங்க அது?"

"வூட்டுல அவ கோழிக்குத் தண்ணி வச்சிருக்கா."

"கோழிக்கா! இதுங்க எல்லாம் கோயில் மணியாட்டம் கிணுகிணுங்குது. அந்தச் சத்தம் இல்லாம நான் போயி என்னத்தப் பாடுறது? திரும்பி வூட்டுக்கே போவலாம்."

நான் குடித்துக்கொண்டிருந்த, கீறல் விட்ட டீக் கோப்பையைப் பெஞ்சின் மேல் வைத்தேன். டொக் என்றது. இருவரும் திரும்பினார்கள்.

"அதேதான்டா! டீக்கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்கிடு."

"இருப்பா. அந்தம்மா குடிச்சு முடிக்கட்டும்."

தூரத்தில் ரயில் கூவியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மீதி டீயை ஊதாமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையை அவர்கள் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தேன்.