டில்லியில் இல்லாத பேர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நான் வழக்கமாக எழுதும் கிண்டலுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அரியாங்குப்பம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்தோடு டில்லியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"டில்லிக்காரன் எங்கப்பா பேர வுட்டுட்டான்," என்றார் பெரியவர். நல்ல கூத்து என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இந்தியா கேட்டுல இருக்கறது இங்கிலீஷ்காரன் பட்டாளத்துல செத்தவங்க பேருப்பா. தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா இருந்தாரு. அவரு பேரு அங்க எப்பிடி இருக்கும்?"

"பட்டாளம்னா பட்டாளந்தானேம்மா. சைகோன்ல செத்தாரு, பொணங்கூட வரல. பேரையாவது பாக்கலாம்னுதான் உங்களயெல்லாம் இழுத்துக்கினு போனேன்."

"பசங்க போட்டோ எடுத்துக்கினு இருந்தப்ப நீ அதத்தான் தேடினியா?"

"ஆமா. வேற எங்க எழுதியிருப்பான்?"

"பாரீஸ்லதான்பா இருக்கும்."

"அவ்ளோ தூரம் என்னால முடியாதும்மா."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலியார்பேட்டையில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

இதை அப்படியே என் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் பதில் போட்டான்: "பிரெஞ்சுப் பட்டாளத்துல செத்தவங்களுக்கு நம்ம ஊரு பீச்சுலயே கல்லு நட்டிருக்காங்களே, அங்க போயிப் பாக்கச் சொல்ல ஒனக்கு வாயி வரலியாடா?"