ஒரு வாளி தீப்பொறி

— கோட்டைக் கழட்டாதே மச்சான். பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கிறோம்.

— நிக்கிறோமா? வேகுறோம் மக்காயா! விடிஞ்சதும் வந்து அவங்க குலப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. கடல் காத்து மூஞ்சியில மண்ணை அள்ளிக் கொட்டுது. இந்தத் தகரக் கேட் மட்டும் அசைய மாட்டேங்குது.

— அதான் முறை. மாப்பிள்ளைக்கு நீ சித்தப்பன், நான் தாய்மாமன். நம்ம வாயால காரியம் கெட்டுச்சுன்னா, மாப்பிள்ளைப் பையன் லுகானியோ நம்மள சும்மா விடமாட்டான். இந்த வீட்டுப் பொண்ணு நொமோண்டேன்னா அவனுக்கு உசுரு.

— நான் என்னத்தைக் கெடுக்கப் போறேன்?

— உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா?

— யாரது, கேட்டுக்கு வெளிய சத்தம்?

— ஐயா, வணக்கம்! லுகானியோ வீட்டுலேருந்து பொண்ணு கேட்டு வந்திருக்கோம். என் பேரு வுயானி.

— எந்த வுயானி?

— எஞ்சின் ஃபேக்டரி வுயானின்னா நியூ பிரைட்டன் ஊரு முழுக்கத் தெரியுங்க. பிஸ்டன் லைன்ல முப்பது வருஷம்!

— ம்ம். உள்ள பெரியவங்க இன்னும் பேசி முடிக்கல. அதுவரைக்கும் எனக்கும் பொழுது போகணும். ஃபேக்டரிக் கதை ஏதாவது சொல்லுங்களேன்.

— மச்சான், வேணாம்.

— நீ சும்மா இரு மக்காயா. மனுஷன் ஆசையா கேக்குறாரு. ஐயா, லைன் ஓடினா பேசுறது காதுல விழாது. எல்லாம் கைப்பேச்சுதான். பசின்னா வயித்தைத் தட்டணும், ஃபோர்மேன் வந்தா மூக்கைத் தொடணும். இன்னைக்கும் வீட்டுல சோறு வேணும்னா வயித்தைத்தான் தட்டுறேன். பொண்டாட்டி கண்டுக்கவே மாட்டா.

— ம்ம். அப்புறம்?

— புதுசா வர்றவனை வச்சு விளையாடுறது இருக்கே, அதான் சுகம்! ஒருத்தன் வந்தான், சென்டானிப் பக்கத்துக் கிராமத்துலேருந்து. முதல் நாளே, ‘தம்பி, ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி தீர்ந்துபோச்சு, ஓடிப்போய் ஒரு வாளி வாங்கிட்டு வா’ன்னேன்.

— போனாரா?

— பறந்தான்! ஸ்டோர்ல, ‘இங்க இல்ல, கிராங்க் ஷாஃப்ட் செக்‌ஷன்ல கேளு’ன்னாங்க. அங்க, ‘கேண்டீன்ல அடுப்பு எரியுது, அங்க போ’ன்னாங்க. எல்லாருக்கும் நான் முன்னாடியே கைஜாடை காட்டி வச்சிருந்தேனே!

— பாவம்.

— என்ன பாவம்? கடைசியில வாளி நிறைய கருப்புத் தூளோட வந்து நிக்கிறான். கிரைண்டிங் மெஷினுக்கு அடியில வாளியைப் பிடிச்சிருக்கான்! ‘தீப்பொறிதான் அண்ணே, வழியில ஆறிப்போச்சு’ங்கிறான். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே புண்ணாயிடுச்சு. அன்னையிலேருந்து அவன் பேரு வாளி. சொந்தப் பேரை யாரு கேட்டா? அடுத்த மாசமே வேற ஷிஃப்டுக்குப் போயிட்டான்.

— அவ்வளவு அப்பாவியா?

— மண்டைக்குள்ள ஒரு போல்ட் கூட கிடையாதுங்க!

— மச்சான், போதும். கெஞ்சிக் கேக்குறேன்.

— சரி, உள்ளேருந்து பெரியவங்க சொல்லி அனுப்பிட்டாங்க. கேட் திறக்கணும்னா ஒண்ணு கொண்டு வரணுமாம்.

— சொல்லுங்க ஐயா! பிராந்தியா, கம்பளியா? கார்ல தயாரா இருக்கு.

— ஒரு வாளி தீப்பொறி.

— என்னது?

— பொண்ணைப் பெத்தவன் கேக்குறேன், காதுல விழலையா அண்ணே? லைன் ஓடுதா?

— ஐயோ மக்காயா! வாளிடா! பொண்ணோட அப்பன் வாளிடா!

— கீழ உக்காராதே, கோட்டு அழுக்காகும்.

— கோட்டு போனா போகுது! பையன் கல்யாணத்துக்கு என் வாயாலேயே கொள்ளி வச்சுட்டேனே. அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

— இப்பவாவது வாயை மூடு, நான் பேசுறேன். ஐயா! தீப்பொறி கொண்டுதான் வந்தோம். வழியில ஆறிப்போச்சு!

— அட! நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா அந்தப் பதில் என்னோடது இல்லைங்க. வாளியைத் தூக்கிட்டு கேண்டீனுக்குப் போனேனா, அங்க ஒரு பொண்ணு, ‘உன்னை ஏமாத்துறாங்க. முதல்ல உக்காந்து டீயைக் குடி, அப்புறம் நாம அவங்களை ஏமாத்தலாம்’னா. தூளைப் பிடிச்சு ‘ஆறிப்போச்சு’ன்னு சொல்லச் சொன்னதும் அவதான், சிரிக்காம நில்லுன்னு சொன்னதும் அவதான். இதோ கேட்டைத் திறந்துட்டேன், உள்ள வாங்க வுயானி அண்ணே. அந்தப் பொண்ணுதான் நொமோண்டேயோட அம்மா, காலையிலேருந்து உங்களுக்கு டீ போட்டு வச்சிருக்கா. அதுவும் ஆறிப்போச்சு.