தீயணைப்பு வண்டியின் இடது சட்டம்

அவள்: ...குனிஞ்சு பாருங்கன்னா சட்டை அழுக்காகும்னு யோசிக்கறீங்க. நீங்களும் மெக்கானிக்தானே?

அவன்: லாரி மெக்கானிக். தீயணைப்பு வண்டியெல்லாம் உன் பாடு. சாப்பாட்டு நேரத்துல ஃபோன் போட்டு வரச் சொல்லி, வண்டிக்கு அடியில குழிக்குள்ள இறங்குன்னா...

அவள்: இறங்கிட்டீங்கல்ல, டார்ச்சைப் பிடிங்க. சேஸியில இடது பக்கம் நீளச் சட்டம். தண்ணித் தொட்டி உட்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி.

அவன்: நல்லாத்தானே இருக்கு.

அவள்: இன்னும் நீங்க பார்க்கவே இல்ல.

அவன்: பார்த்தேன்... பார்த்துட்டேன். சேஸி சேஸி மாதிரிதான் இருக்கு.

டிரைவர்: அக்கா, சர்வீஸ் முடிஞ்சுதா? மூணு மணிக்குப் புது வண்டியை வரிசையில நிறுத்தணும்னு ஆபீசர் ரெண்டு தரம் கேட்டுட்டார்.

அவள்: இன்னும் கொஞ்ச நேரம்பா.

டிரைவர்: அட, கீழ மாமாவா? என்ன மாமா, சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே வந்து நிப்பீங்க. இன்னிக்கு மத்தியானமே வீட்டம்மா நினைப்பு வந்துடுச்சா?

அவன்: போய் உன் வேலையைப் பாருப்பா.

டிரைவர்: இந்த வண்டி இங்க வந்து நாலு மாசம். மாமாவும் நாலு மாசமா ஒருநாள் தவறாம வர்றார். ரெண்டும் சேர்ந்து டெலிவரி ஆன மாதிரி.

அவள்: போறியா, இல்ல ஸ்பேனர் மேல வரணுமா?

டிரைவர்: போயிட்டேங்க்கா.

அவள்: அவனை விடுங்க. ஒண்ணு கேக்கறேன். இந்தச் சட்டம் உங்க பட்டறைக்கு வந்தா என்ன செய்வீங்க?

அவன்: லாரியா இருந்தா பிரச்சினையே இல்ல. உள்பக்கம் ஒரு பட்டை வச்சு, வெல்டிங் பத்தவச்சு அனுப்பிடுவோம். லாரின்னா பாரம் ஏத்துவான், இறக்குவான். பாதி நாள் காலியாத்தான் ஓடும். சட்டத்துக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அவள்: இதுக்கு?

அவன்: இதுக்கு ஏது? நின்னாலும் அஞ்சாயிரம் லிட்டர் முதுகு மேலயே உட்கார்ந்திருக்கு. மாசக்கணக்குல சும்மா நிக்கும், ஆனா ஒரு நிமிஷம்கூட பாரம் இறங்காது. ஓடினாலோ தலைதெறிக்க ஓடும். வளைவுல தண்ணி மொத்தமும் ஒரு பக்கம் போய் மோதும். லாரிக்காரன் பள்ளம் பார்த்து ஓட்டுவான். இவன் பார்ப்பானா?

அவள்: ஆம்புலன்ஸ்?

அவன்: அது வேற கதை. பாரமே கிடையாது, ஆனா படுத்திருக்கறவனுக்குக் குலுங்கக் கூடாது. லாரி ஸ்பிரிங்கை அப்படியே வச்சு விட்டா, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள இன்னொரு எலும்பு உடையும். செய்யறவனுக்கு என்ன, எல்லாத்துக்கும் ஒரே சேஸி. மேல எதைக் கட்டினா என்னன்னு...

அவள்: சட்டம்னா ஓடறப்ப கொஞ்சம் முறுக்கிக்கணும். முறுக்கிக்க விடாம தொட்டியை இறுக்கிக் கட்டினா எங்கயாவது விரிசல் விட்டுத்தான் ஆகும். அதானே?

அவன்: அதான்.

அவள்: லாரி மெக்கானிக்குக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.

அவன்: உன்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான்...

அவள்: ஆமா. தினம் கேக்கறீங்க. இன்னிக்குப் புது வண்டி வெளிய போச்சா, எவ்வளவு தூரம் போச்சு, திரும்பி வந்துடுச்சான்னு.

அவன்: சும்மா, பேச்சுக்குக் கேக்கறது.

அவள்: பேச்சுக்குத்தான். சரி, ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்குமா நடக்கறீங்க? இந்தக் குழி இருக்கறதே நாலு எட்டு.

அவன்: கால் மரத்துப் போச்சு. நான் கிளம்பட்டுமா? பட்டறையில ஆள் காத்துக்கிட்டு...

அவள்: நில்லுங்க. இங்க பாருங்க. தார் மாதிரி எதையோ கெட்டியா பூசியிருந்தாங்க. காலையில சுரண்டினேன். உள்ள பத்தவச்ச தழும்பு. புது வண்டின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. எங்கயோ மோதி மடங்கின லாரிச் சேஸியை நிமிர்த்தி, சிவப்புப் பெயிண்ட் அடிச்சு எங்க தலையில கட்டியிருக்காங்க.

அவன்: பாடி கட்டினவன் வேலையா இருக்கும்.

அவள்: எவன் வேலையோ. கை நடுங்க நடுங்கப் பத்தவச்சிருக்கான்.

அவன்: நடுக்கமா? எங்க?

அவள்: கோணல்மாணலா இல்ல?

அவன்: டார்ச்சை நேரா பிடிக்கறேன், பாரு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா ஓடுது.

அவள்: மேல பார்க்க ஓடும். உள்ள இரும்பு இறங்கியிருக்காது. அரைகுறை வேலை. கூலி வாங்கினா போதும்னு செஞ்சது.

அவன்: இறங்கலையா? சட்டத்தைச் சாய்வா வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சுப் பள்ளம் எடுத்து, மூணு தடவை ஓட்டியிருக்கு. ஒண்ணு ஆறினப்புறம்தான் அடுத்தது. சுத்தியலால தட்டிப் பாரு, கணீர்னு கேக்கும்.

அவள்: வெளிய பார்த்தே மூணு தடவைன்னு தெரியுதா?

அவன்: ...அனுபவந்தான்.

அவள்: ம். நானும் தட்டிப் பார்த்தேன். பத்தவச்ச இடம் கெட்டிதான். விரலைக் கொண்டாங்க... அங்க இல்ல. அதுக்கு ஒட்டினாப்புல, இந்தப் பக்கம்.

அவன்: இங்கதானே?

அவள்: தெரியுதா?

அவன்: நகம் மாட்டுது.

அவள்: விரிசல், நாலு விரல் நீளம். சூடு பட்ட இரும்பு பக்கத்துல விட்டுக்கிட்டே வருது.

அவன்: இது... இது வண்டி வந்தப்ப இருந்திருக்காது.

அவள்: இருந்திருக்காது. நாலு மாசத்துல வந்திருக்கு. இதுல எத்தனை பேர் போறாங்க தெரியுமா?

அவன்: ஆறு பேர்.

டிரைவர்: அக்கா, கூப்பிட்டுட்டாங்க. மரக்கடை ஒண்ணு பத்திக்கிச்சாம். புது வண்டியையே எடுக்கச் சொல்றார். சாவி எங்க?

அவள்: என்கிட்டதான் இருக்கு.

டிரைவர்: குடுங்கக்கா. ஆளுங்க உடுப்பு மாட்டியாச்சு.

அவள்: என்னங்க... குடுத்துடவா?

அவன்: என்னைக் கேட்டா?

அவள்: நீங்கதானே சொன்னீங்க, சேஸி சேஸி மாதிரிதான் இருக்குன்னு.

டிரைவர்: அக்கா, நேரம் போகுது...

அவன்: குடுக்காத. தம்பி, இதுல ஒருத்தரையும் ஏத்தாத. இந்தச் சட்டத்தை வெட்டி ஒட்டினது நான்தான். உள்ளூர்ல மணல் அடிக்கற லாரின்னு சொன்னாங்க, அதை நம்பிச் செஞ்சேன். இந்தப் பாரத்துக்கு இது தாங்காது.

டிரைவர்: மாமா, இப்ப வந்து...

அவள்: பழைய வண்டியை எடு. வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கு. தண்ணி நிரப்பியாச்சு, சாவி அதுலயே தொங்குது. ஆபீசர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. ஓடு.

அவன்: ...கிளம்பிட்டாங்க.

அவள்: கேட்டுது. மேல வாங்க.

அவன்: பழைய வண்டியைத் திருப்பி, தண்ணி நிரப்பி... இதெல்லாம் எப்ப செஞ்ச?

அவள்: காலையில. சுரண்டின கையோட.

அவன்: அப்ப, நான்தான்னு...

அவள்: பத்தவச்சு முடிக்கற இடத்துல ஒரு சுழி சுழிச்சு விடுவீங்களே. நம்ம சமையலறை ஜன்னல் கம்பியில பன்னெண்டு இடத்துல இருக்கு. பாத்திரம் தேய்க்கறப்ப என் மூக்குக்கு நேரா அதுதான்.

அவன்: தெரிஞ்சுக்கிட்டேதான் கோணல், அரைகுறைன்னு...

அவள்: உங்களைத் திட்டினா பேசாம இருப்பீங்க. வேலையைத் திட்டினாத்தான் வாய் திறக்கும். நீங்க எப்ப பார்த்தீங்க?

அவன்: வண்டி வந்த அன்னிக்கே. உன்னைப் பார்க்க வந்தப்ப வாசல்ல நின்னுது. பெயிண்ட் அடிச்சா எனக்கு அடையாளம் தெரியாதா? முன்பக்கக் குறுக்குச் சட்டத்துல நான் வச்ச பட்டை. அப்பவே சொல்லிடலாம்னுதான்... வண்டியைச் சரிபார்த்து வாங்கிக்கிட்டேன்னு நீ கையெழுத்து போட்டிருந்த. சொன்னா உன் வேலை போயிடும். சொல்லாம எனக்குத் தூக்கம் போச்சு.

அவள்: என் வேலையைக் காப்பாத்தினீங்களா? ஆறு பேர் உசிரை அடமானம் வச்சு? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

அவன்: தப்புதான்.

அவள்: மேஜை மேல தாள் இருக்கு. வண்டியை ஒதுக்கி வைக்கணும்னு எழுதிட்டேன். அடியில சரியா பார்க்காம நான் வாங்கிக்கிட்டதையும் எழுதிட்டேன். ஒட்டினது யாருங்கற வரியை மட்டும் விட்டு வச்சிருக்கேன்.

அவன்: பேனா குடு.

அவள்: உங்க காதுலயே இருக்கு.

அவன்: ...ம். எங்க, இங்கயா?

அவள்: அதான், புள்ளி வச்சிருக்கேனே. எழுதிக்கிட்டே ஒண்ணு சொல்லுங்க. பொய் வேணாம்.

அவன்: கேளு.

அவள்: தினம் ஆறு மணிக்கு வாசல்ல வந்து நின்னீங்களே. கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் கழிச்சு இப்படி ஒரு புருஷனான்னு இங்க எல்லாரும் என்னைக் கேலி பண்ணாங்க. வந்தது எனக்கா, வண்டிக்கா?

அவன்: ...வண்டிக்கு. முழுசா திரும்பி வந்து நிக்கறதைப் பார்த்தாத்தான் அன்னிக்குச் சாப்பாடு இறங்கும்.

அவள்: ம்.

அவன்: நீ எப்படியும் ஆறு மணிக்குத்தானே கிளம்புவ, கையோட உன்னையும்...

அவள்: எனக்கு வேலை அஞ்சு மணிக்கே முடிஞ்சிடும்ங்க. நீங்க வருவீங்கன்னு தினமும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.