இரட்டை நூலில் போட்ட பின்தையல்

சத்தம் கேட்டபோது என் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அதனால்தான் நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒன்றாவது தொண்டைக்குள் போயிருக்கும். எதிர்வீட்டு நிரோஷா பொலிஸில் உங்களிடம், "அன்ரி சத்தமே போடேல்ல" என்று சொன்னாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

முதலில் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தி வைக்கிற பஞ்சுப் பொதியில் குத்தினேன். பிறகு பின்பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடிச் சமையலறையில் காஸ் சிலிண்டர் வெடித்திருந்தது. கரும்புகை சுவரோடு ஒட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலை பத்தரை இருக்கும்.

மிஸ், நீங்கள் கேட்பது ஒன்றைத்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் பிளட்ஸ் மாடிக் கட்டடத்தில் பதினாறு வீட்டுச் சனமும் இறங்கி றோட்டுக்கு வந்துவிட்டது. என் கணவர் ரெனால்ட் மட்டும் ஏன் வரவில்லை? அவர் நடக்கக்கூடியவர். ஒரு கையில் தடி, ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனாலும் நடக்கக்கூடியவர். பிறகு ஏன் கட்டிலிலேயே கிடந்து புகையில் செத்தார்?

சொல்கிறேன். ஒழுங்காகச் சொல்ல விடுங்கள். இடையில் மறித்தால் எனக்குக் கணக்குத் தவறிவிடும். கையில் ஒன்றும் இல்லாமல் இருந்து கதைத்தும் எனக்குப் பழக்கமில்லை. உங்கள் மேசைவிரிப்பின் ஓரத்தில் ஒரு நூல் விட்டிருக்கிறது. நான் அதை இழுத்துக்கொண்டிருப்பதைக் குறை நினைக்காதீர்கள்.

நான் சல்லிக்குத் தைக்கிறவள் அல்ல. ஐறீன் எங்கள் ஒரே பிள்ளை. அவள் சின்னதில் கோயிலில் புதுநன்மை வாங்கப் போட்ட உடுப்பைத் தைக்கத் தொடங்கி அப்படியே பிடித்துக்கொண்டது. புதுப் பொப்லின் துணியைக் கத்தரிக்கோல் ஒரே ஓட்டமாக வெட்டிப் போகும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குத் தலையிடி போய்விடும். ஊசியில் முதல் தரமே நூல் போனால் அன்று நாள் நல்லது. தோள் வளைவுக்குள் கை சுருக்கமில்லாமல் உட்கார்ந்துவிட்டால், நான் எழும்பி நின்று தள்ளி வைத்துப் பார்ப்பேன். அந்த வீட்டில் நான் நினைத்தபடி வந்த பொருள்கள் அவை மட்டும்தான்.

தொல்லைகளும் உண்டு. பொபின் நூல் துணிக்கு அடியில் சிக்கி, குருவிக்கூடு போல் நிற்கும். கொலர் முழுவதையும் தைத்துத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் வெளியே இருக்கும். ஒரு மணித்தியாலம் தைத்ததைப் பிரிக்க இரண்டு மணித்தியாலம் செல்லும். கரண்ட் போகும். வேர்வை பட்டு ஊசி வழுக்கும். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். துணி வேண்டுமென்று எதையும் செய்வதில்லை.

மற்ற நேரங்களில் பின்னுவேன். கொழும்பு வெக்கையில் கம்பளி நூலோடு இருக்கிறவளைக் கண்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ரெனால்டும் சிரிப்பார். மெற்றி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"என்ன மெற்றி, நுவரெலியாக் குளிர இஞ்ச இறக்கப் போறியா?"

ஐறீனுக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பிள்ளை பிறந்திருக்கிறது. அடுத்த மாதம் ஞானஸ்நானம். பிள்ளையைச் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு வெள்ளைச் சால்வை. அதைத்தான் பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு வரிசைக்கு ஊசியில் நூற்று எண்பத்து நான்கு நூல் வளையம், கண்ணி என்போம். இலை இலையாக வருகிற வேலைப்பாடு. ஒரு கண்ணி தவறினால் அந்த வரிசையில் உள்ள எல்லா இலையும் ஒரு பக்கம் சாயும். ஆகவே எண்ண வேண்டும். எண்ணுவதற்கு வீட்டில் அமைதி வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ரெனால்ட் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் டலி கிளாக்காக இருந்தவர். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை நின்று எண்ணுகிற வேலை. பென்ஷன் எடுத்த பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லை. போன வருஷம் தவக்காலத்தில் பாரிசவாதம் வந்தது. வலது கை செத்துப்போய், வலது கால் பாதி போய், குரலும் மெலிந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. காகத்தை எண்ணினார். கீழே போகிற திரீவீலை எண்ணினார். கடைசியில் என்னை எண்ணினார்.

நான் மனதுக்குள் எழுபத்தாறு, எழுபத்தேழு என்று போய்க்கொண்டிருப்பேன். அவர் தடியை ஊன்றி வந்து கதவடியில் நிற்பார்.

"மெற்றி, இண்டைக்கு நீ நாப்பத்திரண்டு தரம் பெருமூச்சு விட்டிட்டாய்."

"போய்ப் படுங்கோ."

"நாப்பத்திமூண்டு."

கணக்குப் போய்விடும். வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்புவேன். ஒரு நாளில் பத்தொன்பது தரம் அப்படித் திரும்பியிருக்கிறேன். அவரோடு இருந்து நானும் எண்ணப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். டொக்டர் தைத்த தையல் நேராக இல்லை. அதை அங்கேயே சொன்னேன், டொக்டர் சிரித்தார். ஆளைத் தனியாக நடக்க விடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைத் துணிப்பட்டியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்ததைக் கண்டேன். மணிக்கட்டு முழுக்க உரசிச் சிவந்திருந்தது. என் கணவருக்கு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். தைப்பது அதைவிட மெதுவானது.

ஓம், தைத்தேன். விரிப்பை மெத்தையோடு சேர்த்துத் தைத்து, பிறகு அவர் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தையும் சேர்ட்டின் ஓரத்தையும் விரிப்போடு தைத்தேன். தோலில் ஊசி ஒரு நாளும் படவில்லை. நீங்கள் உடம்பைச் சோதித்திருப்பீர்கள்.

முதலில் நூலோட்டம்தான். மெஷினில் கொடுக்க முன் துணி நகராமல் இருக்க நாங்கள் போடுகிற நீளமான, தளர்ந்த தையல். நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கையோடு வந்துவிடும். அவருக்கும் அன்று பகிடியாகத்தான் இருந்தது.

"என்ன மெற்றி, என்னைத் தலகாணி உறைக்குள்ள போடுறியா?"

"விழாம இருக்கத்தான்."

"அப்ப ரெண்டு பட்டனும் வச்சுத் தை. ஒண்டுக்கு வந்தாக் கழட்டலாம்."

இரண்டு நாள் எனக்கு நல்ல அமைதி. மூன்றாம் நாள் இடது கையால் நூலின் நுனியைக் கண்டுபிடித்துவிட்டார். நான் பின்னிக்கொண்டிருக்கும்போது கதவடியில் வந்து நின்றார். கையில் மூன்று யார் நூல்.

"டலி சரி," என்றார், துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு ஒத்துப்போனால் சொல்கிற மாதிரி. "ஒரு நூல், ஒரு ஆள்."

அன்றும் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். ரெனால்ட் என் கதிரையில் இருந்தார். பின்னல் ஊசி ஒன்றைச் சேர்ட்டுக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சால்வையில் இருந்த ஊசி. நூற்று எண்பத்து நான்கு கண்ணியும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவர் அசைய அசைய, ஒவ்வொன்றாகக் கீழே ஓடின.

"முதுகு கடிச்சது மெற்றி. இந்தக் கம்பி நல்ல நீளம்."

நான் மீனைக் கழுவினேன். அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஓடிய கண்ணிகளைப் பிடிக்க முடியவில்லை. அரைச் சால்வையைப் பிரித்து உருண்டையாகச் சுற்றினேன். பிரித்த நூல் நேராக நிற்காது, சுருண்டு சுருண்டு நிற்கும். ஐந்து மாத வேலை.

அடுத்த நாள் காலையில்தான் பின்தையல் போட்டேன்.

உங்களுக்குத் தையல் தெரியாது என்பதால் சொல்கிறேன். பின்தையலில் ஊசி முன்னே போய், போன வழியில் பாதி திரும்பி வந்து, மறுபடி முன்னே போகும். ஒவ்வொரு தையலும் முந்திய தையலைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வராது. ஒன்றை வெட்டினாலும் பக்கத்துத் தையல் விடாது. காற்சட்டையின் நடுப்பகுதிக்குப் போடுகிற தையல் அது. நூலை இரட்டையாக எடுத்தேன். முடிச்சுகளை மெத்தையின் அடிப்பக்கம் போட்டேன். சேர்ட்டின் இடது கைத் துணியையும் மணிக்கட்டு வரை தைத்தேன்.

ரெனால்ட் அன்று பகிடி விடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு குத்தையும் எண்ணினார். முடிந்ததும், "நூற்றிப் பன்னிரண்டு" என்றார். நானும் எண்ணியிருந்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஒன்பது நாள். காலை ஒன்பது மணிக்குத் தைப்பேன், பன்னிரண்டு மணிக்குச் சோறு தீத்த வரும்போது வெட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தைக்கவில்லை. அன்று பூசை, ஐறீனும் களுபோவிலையில் இருந்து பிள்ளையோடு வருவாள். அவர் அவளிடம் சொல்லப் பார்த்தார்.

"அம்மா என்னைத் தைக்கிறா."

"அப்பாவுக்கும் புதுச் சட்டையா? நல்லாத்தானே கவனிக்கிறா," என்று ஐறீன் சிரித்தாள்.

நான் மறுக்கவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒன்பது நாளில் நூற்றிருபது வரிசை பின்னினேன், ஒரு கண்ணி தவறவில்லை. பிள்ளைக்கு உள்ளுடுப்பும் தைத்தேன். இடையில் ஒருவரும் கூப்பிடவில்லை. கலியாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் எனக்கு அப்படி ஒன்பது நாள் கிடைத்ததில்லை. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

வெடித்த பிறகு நான் அவருடைய அறைக்குப் போனேன். போகவில்லை என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது. கீழ்ச் சமையலறைக்கு நேர் மேலே இருப்பது அந்த அறை. அவர் முழித்திருந்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை.

"மெற்றி, கத்தரிக்கோல்," என்றார்.

கத்தரிக்கோல் என் கழுத்தில்தான் நாடாவில் தொங்கியது. ஆனால் அது நூல் வெட்டுகிற சின்னது. நான் கணக்குப் பார்த்தேன். நூற்றிப் பன்னிரண்டு தையல். வெட்டி, எழுப்பி இருத்தி, தடியைக் கொடுத்து, ஐம்பத்து நான்கு படி இறக்க வேண்டும். அவருக்கு ஒரு படிக்கு ஒரு நிமிஷம். ஒரு பொம்பிளையால் ஆகாத காரியம். யாராவது ஆண்பிள்ளை வந்தால் விரிப்போடு சேர்த்து ஒரு நிமிஷத்தில் தூக்கிவிடுவான் என்று நினைத்தேன். விரிப்பை மெத்தையோடும் தைத்திருந்தது அப்போது ஞாபகம் வரவில்லை. புகை வீட்டுக்குள் பரவாமல் இருக்க அந்த அறைக் கதவைச் சாத்தினேன்.

அந்த அறை ஜன்னல் திறந்திருந்ததுதான். வெக்கை.

கத்தரிக்கோலால் துணியையே நீளத்துக்கு வெட்டியிருக்கலாமே என்று நேற்று உங்களோடு இருந்த சார் கேட்டார். புது விரிப்பு அது. வெட்டலாம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. தையலைப் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்த முறை.

வெடித்ததில் இருந்து நான் படியிறங்கும் வரை பன்னிரண்டு நிமிஷம் என்று நிரோஷா சொல்லியிருக்கிறாள். இருக்கும். சால்வையை வெள்ளைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தேன். ஆறு உருண்டை நூல், ஊசிகள், மாதிரிப் புத்தகம், பிள்ளையின் உள்ளுடுப்பு. அவசரப்பட்டால் கண்ணி நழுவிவிடும் என்பதால் ஊசி முனைகளுக்கு இறப்பர் மூடியும் போட்டேன். அந்த நேரம் முழுவதும் ஆள் வருமென்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்றுத் தந்த வாக்குமூலத்தில் அப்படித்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை.

ஆள் வந்தது. அதை மட்டும் நேற்றுச் சொல்லவில்லை.

கீழே போன் திருத்துகிற கடை வைத்திருக்கிற நபீஸ். அவனை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை. புகை குடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கதைக்க முடியவில்லை என்றார்கள். இன்றோ நாளையோ கதைப்பான். அதற்கு முன் நானே சொல்வது முறை. ஈரத் துவாயை முகத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி எங்கள் வாசலுக்கு வந்தான். நல்ல தேகக்கட்டு உள்ள பிள்ளை. நான் எதிர்பார்த்த மாதிரியே ஒரு ஆள்.

"அன்ரி, அங்கிள் எங்க? காட்டுங்க, நான் தோள்ல போட்டு இறக்கிர்றன்."

சாத்திய கதவுக்குப் பின்னால் ரெனால்ட் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த குரல், நபீஸுக்குக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கேட்ட எனக்குக் கேட்டது. நபீஸ் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு நான் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ்.

"அவரை மகள் வந்து கூட்டிக்கொண்டு போயிட்டா மகன், உள்ள ஒருத்தரும் இல்ல. இந்தத் தையல் மெஷினை மட்டும் கவனமாத் தூக்கித் தாங்கோ."