பாரியின் கார் நடுச்சாலையில் நின்றது குறித்து

குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில் 21.06.2024 அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: சங்கமித்ரா. வயது: 39. தந்தை பெயர்: நீலமேகம் (காலமானார்). முகவரி: எண் 14, கிணற்றுத் தெரு, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை. தொழில்: கார் மெக்கானிக்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, பதினாறு வருடங்களாகக் காலடிப்பேட்டையில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். பெட்ரோல் கார்களின் என்ஜின் கம்ப்யூட்டரை ஸ்கேனர் கருவி மாட்டிப் பார்த்து, கோளாறு எங்கே என்று சொல்வது என் வேலை. விபத்தில் இறந்த பாரி, வயது 34, என் உடன்பிறந்த தம்பி. சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டி வந்தான். அவன் மனைவி மலர்க்கொடியும், ஏழு வயது மகள் மகிழினியும் வியாசர்பாடியில் இருக்கிறார்கள். நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படுத்தப்படலாம் என்று நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அது தெரிந்துதான் சொல்கிறேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

கடந்த மே மாதம் 22ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணியளவில் பாரி தன் காருடன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். அந்த வாரத்தில் இரண்டு முறை வண்டி ஓடும்போதே அணைந்துவிட்டதாகவும், கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியதாகவும், மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிவதாகவும் சொன்னான். அதன் பிறகு நான் ஸ்கேனரை மாட்டிப் பார்த்ததில், கிராங்க் சென்சாரில் இருந்து தகவல் வரவில்லை என்ற கோளாறு பதிவாகியிருந்தது.

நடுவர் அவர்கள் கேட்டதன் பேரில் இதை விளக்குகிறேன். இந்த வகைக் கார்களில் ஆக்சிலேட்டரை மிதிப்பதால் மட்டும் பெட்ரோல் போய்விடாது. எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்ற தகவல்தான் என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும். அது உள்ளே வரும் காற்றின் அளவு, என்ஜினின் சூடு, வெளியேறும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் ஆகியவற்றைத் தனித்தனி சென்சார்கள் மூலம் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு பெட்ரோல் தேவை என்று கணக்கிட்டு, இன்ஜெக்டரை ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும். என்ஜின் சுற்றுகிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது கிராங்க் சென்சார். அது சொல்லாவிட்டால், என்ஜின் நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நின்ற என்ஜினுக்குள் பெட்ரோல் கொட்டித் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. சில கார்களில் வேறொரு சென்சாரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். பாரியின் காரில் அந்த வசதி இல்லை. அந்த சென்சார் பழுதாகும்போது சில சமயம் சூட்டில் மட்டும் வேலை செய்யாது, ஆறினால் மறுபடி வேலை செய்யும்.

புது சென்சார் சனிக்கிழமைதான் வரும் என்று கடையில் சொன்னார்கள். வண்டியை அதுவரை இங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி பாரியிடம் சொன்னேன். வண்டிச் சாவி அப்போது என் கையில் இருந்தது. அதற்கு அவன், "வெள்ளிக்கெழம ஒரு சவாரி ஒத்துகினு கீறேன்க்கா. வயசானவங்க, என்ன நம்பிகினு கீறாங்க. சனிக்கெழம காலீல கொண்டாந்து உட்டுட்றேன்" என்றான். அதன் பிறகு, "அந்த லைட்ட மட்டும் அணைச்சி குடுக்கா. ஏறுறவன்லாம் இன்னா இது, வண்டி நிக்குமானு கேட்டுகினே வரான், பேஜாரா கீது" என்றான்.

நான் ஸ்கேனரில் அந்தக் கோளாறுப் பதிவை அழித்தேன். விளக்கு அணைந்தது. சென்சார் சரியாகவில்லை என்பதும், விளக்கு மட்டுமே அணைந்தது என்பதும் எனக்குத் தெரியும். "ரொம்ப தூரம் போவாத, சூடாச்சினா ஓரம் கட்டு" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். போகும்போது என் தேநீரில் பாதியை எடுத்துக் குடித்துவிட்டுப் போனான்.

24ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் போனுக்கு அவன் குரல் பதிவு அனுப்பினான். "லைட்டு வர்லக்கா, வண்டி சோக்கா ஓடுது" என்று அதில் இருக்கிறது. நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினேன். அதுவே நான் அவனுக்குக் கடைசியாக அனுப்பியது.

அன்று முற்பகல் பதினொன்றரை மணியளவில், முகத்துவாரக்குப்பத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் வந்த கன்டெய்னர் லாரி மோதி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் பாரி இறந்துபோனான். நான் போய்ப் பார்த்தபோது அவன் முகத்தில் காயம் எதுவும் இல்லை. லாரி ஓட்டுநர் ராசையா தூங்கிவிட்டார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மருத்துவமனை வாசலில் அவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றியபோது நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தடுக்கவில்லை.

அதன் பிறகு வாகன ஆய்வாளர் காரைச் சோதித்து, என்ஜின் கிளம்புகிறது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக உள்ளன, இயந்திரக் கோளாறு இல்லை என்று அறிக்கை கொடுத்ததாக அறிந்தேன். அடிபட்ட வண்டியில் பல எச்சரிக்கை விளக்குகள் எரிவது வழக்கம் என்பதால், என்ஜின் விளக்கு எரிந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஜூன் 8ஆம் தேதி வியாசர்பாடி வீட்டில் பதினாறாம் நாள் நினைவேந்தல் நடந்தது. புத்தர் படத்தின் முன் திரிசரணம் சொல்லி மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். தன் பெயர் சுகிர்தம் என்றும், ராசையாவின் மனைவி என்றும், தூத்துக்குடியில் இருந்து வந்திருப்பதாகவும் சொன்னார். உறவினர்கள் சத்தம் போட்டு அவரைப் போகச் சொன்னார்கள். நான் அவரைத் தெருமுனைக்கு அழைத்துப்போனேன். அவர் என்னிடம், "மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன், தாயி. ஆனா எங்க வீட்டுக்காரரு தூங்கல. முன்னால போன காரு பிரேக் லைட்டே எரியாம சட்டுனு வேகம் கொறஞ்சி நின்னுட்டுன்னு அழுதாரு. அவரு பொய் பேசுத ஆளு இல்ல" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்தது. கியரில் ஓடும் கார் பெட்ரோல் நின்றுபோனால், பிரேக்கை மிதிக்காமலே, என்ஜினே பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும். பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. அந்த அம்மாவிடம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

ஒன்பது நாட்கள் கழித்து, 17ஆம் தேதி காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி பெற்று, வாகன ஆய்வாளர் முன்னிலையில் பாரியின் காரில் ஸ்கேனரை மாட்டினேன். பேட்டரி கழற்றப்படாமல் இருந்ததால் பதிவு அழியவில்லை. நான் அழித்த அதே கோளாறு மறுபடி பதிவாகியிருந்தது. கோளாறு ஏற்படும் நேரத்தில் வண்டி எப்படி இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் எண்களாகச் சேமித்து வைக்கும். அதில், சென்சார் தகவல் தராததால் என்ஜின் சுற்று பூஜ்யம் என்றும், வண்டியின் வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர் என்றும், என்ஜின் சூடு 104 டிகிரி என்றும், ஆக்சிலேட்டர் நூற்றுக்கு 98 என்றும் இருந்தது. வேகம் குறைந்ததும் என் தம்பி ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்திருக்கிறான் என்று இதற்குப் பொருள். அவன் மிதித்ததும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அது பெட்ரோல் கொடுக்கவில்லை. அது செய்ததில் பிசகு இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்ததால், ஆய்வாளரே எண்களைக் குறித்துக்கொண்டார்.

ராசையா போதிய இடைவெளி விட்டு வந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்ன பிரேக் விளக்கு விஷயம் உண்மை என்பது மட்டும் தெரியும்.

18ஆம் தேதி மாலை மலர்க்கொடியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகிழினிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, "அந்த லைட்டு எரிஞ்சினு இருந்தா, அவரு அவ்ளோ தூரம் வண்டி எட்த்துகினு போயிருப்பாரா அண்ணி?" என்று கேட்டாள். போயிருக்க மாட்டான் என்று சொன்னேன். அதன் பிறகு, "கோர்ட்டாண்ட போய் சொல்லு. அந்தம்மா வூட்டுக்காரரு வூட்டுக்குப் போவட்டும். ஆனா நீ இனிமே இங்க வராத. ஒன்ன பாக்க என்னால ஆவாது" என்றாள். நான் வெளியே வந்தபோது மகிழினி ஓடிவந்து, "அத்தே, நாளிக்கு வருவியா?" என்று கேட்டாள். அதன் பிறகு அங்கே போகவில்லை. மலர்க்கொடி சொன்னதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதப்பட்டதை எழுத்தர் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் "இறந்த ஓட்டுநர்" என்று இருந்ததை "என் தம்பி" என்று மாற்றும்படி சொன்னேன். மாற்றினார்கள். மற்றபடி இதில் உள்ளவை அனைத்தும் நான் சொன்னபடியே உள்ளன, நான் அறிந்தவரை நடந்தவையே.

(ஒப்பம்)
நீ. சங்கமித்ரா