முன்பக்கம் நிற்பவள்

– ஏப்ரனைக் குடுங்க முதலாளி. பின்னால கயிறு மட்டும் நீங்க முடிச்சுப் போட்டு விடணும், இடது கை இன்னும் அவ்வளவு தூரம் வளையாது.

– இரும்மா. ஒரு வார்த்தை பேசிட்டு அப்புறம் கட்டிக்கலாம். நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், உன் நல்லதுக்குத்தான்.

– நல்லதுக்குன்னு நீங்க ஆரம்பிச்சாலே அது எனக்கு நல்லதா இருக்காது. சொல்லுங்க.

– ஏழு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்துட்டு வந்திருக்கே. எடுத்த எடுப்புல கவுண்டர் எதுக்கு? உள்ள பேக்கிங் ரூம்ல ஒரு மேசை போட்டிருக்கேன். ஃபேன்கூட புதுசு. உக்காந்த இடத்துலயே பன்னைக் கவர்ல போட்டாப் போதும். சம்பளம் அதேதான்.

– பதினொரு வருஷமா இந்தக் கவுண்டர்ல நின்னவ நான். யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்து கேக் வாங்கறாங்க, எல்லாம் ஆளைப் பார்த்தே சொல்லுவேன். என்னைப் போய் உள்ள உக்காரச் சொல்றீங்க.

– நானா சொல்றேன்? வாடிக்கைக்காரங்க நாலஞ்சு பேரு வந்து சொல்லிட்டாங்கம்மா. அந்தப் பொண்ணு திரும்பி வருதாமே, குழந்தைங்க வந்து போற கடையாச்சே, பார்த்துக்கங்கன்னு.

– யாரு அந்த நாலஞ்சு பேரு?

– பேரெல்லாம் எதுக்கு இப்ப.

– பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டுக்கறேன்.

– கேளும்மா, தப்பா எடுத்துக்காத. நீ கண்ணாடி பார்த்தியா?

– பார்த்தேன். முதல் தடவை ஆஸ்பத்திரி பாத்ரூம்ல பார்த்துட்டு அங்கேயே உக்காந்தவதான், நர்ஸ் வந்து தூக்க வேண்டியிருந்துச்சு. மறுநாள் திரும்பப் போனேன், பல்லு விளக்கி முடிக்கிற வரைக்கும் பார்த்தேன். அப்புறம் தலை சீவி முடிக்கிற வரைக்கும். இடது கன்னம் உருகின மெழுகு மாதிரி இருக்கு, காது பாதி இல்ல. இருக்கட்டும். என் முகம்தானே, வேற யாரோடதும் இல்லையே.

– உனக்குப் பழகிடுச்சு. ஊருக்குப் பழக வேண்டாமா?

– அதுக்குத்தான் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் வேணாம்னு கெஞ்சினாரு. முதல் நாள் ஒரே ஒரு ஸ்டாப், ஷாலை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு. பக்கத்து சீட்டுக்காரி எந்திரிச்சுத் தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவதான், ரெண்டு நாள் வெளிய போகல. மூணாம் நாள் ஷாலை வீட்டுலயே வச்சுட்டு ரெண்டு ஸ்டாப் போனேன். தைரியம்லாம் ஒண்ணும் இல்ல, கோவம். இன்னிக்கு பதினாலு ஸ்டாப்பும் நின்னுக்கிட்டே வந்தேன், அவ்வளவு கூட்டம். ஒருத்தன் என் காலை மிதிச்சுட்டு என்னையே திட்டினான். மனசு நெறஞ்சு போச்சு.

– திட்டினதுக்கா?

– எல்லாரையும் திட்டற மாதிரியே என்னையும் திட்டினான் முதலாளி. முகத்துக்காகக் கொஞ்சம்கூட குறைச்சுக்கல.

– ஒரு வார்த்தை கேளும்மா... போச்சு, டீச்சரம்மா வர்றாங்க. நீ உள்ள போ, நான் பார்த்துக்கறேன்.

– நான் எங்கயும் போகல. வாங்க டீச்சர்.

– சார், அந்த... ஒரு பெரிய பிரெட் வேணும். சார், நீங்களே எடுத்துக் குடுத்துடுங்களேன்.

– டீச்சர், இந்தப் பக்கம் பாருங்க. நான்தான், குரல் மாறலையே. நம்ம கடை அடுப்பை நான் பத்தவைக்கறப்ப வெடிச்சு முகம் வெந்துடுச்சு. இப்ப வலி இல்ல, தொத்துற வியாதியும் இல்ல. நல்லாவே பார்த்துக்கங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். பார்த்தாச்சா? துண்டு போட்டதா, முழுசா?

– துண்டு... துண்டு போட்டதும்மா.

– மெல்லிசா இருக்கணும். ஓரத்தை உங்க வீட்டுக்காரர் தொடவே மாட்டாரு.

– அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியா நீ. ஏம்மா, ஒண்ணு சொல்லணும். நீ இல்லாத இந்த ஏழு மாசமும் உங்க கடை பிரெட் செங்கல்தான். போன வாரம் வாங்கினதுல பூஞ்சை வேற. சாரைக் கேட்டா வெயில்ங்கறார்.

– வெயிலாமா? பழைய சரக்கை முன்னால அடுக்கி வச்சிருப்பார். இதை எடுத்துட்டுப் போங்க, இன்னும் சூடு ஆறல, கவரை மூடிடாதீங்க.

– இனிமே தினமும் நீதானே?

– நான்தான் டீச்சர்.

– அப்பச் சரி. ஒருநாள் மறுபடி கல்லைக் குடுத்தீன்னா உன்னையும் விடமாட்டேன், சொல்லிட்டேன். வரட்டுமா.

– பார்த்தீங்களா முதலாளி? அரை நிமிஷம் தடுமாறினாங்க, அப்புறம் சண்டைக்கு வந்துட்டாங்க. எனக்கு அது போதும். இப்பச் சொல்லுங்க, உங்க நாலஞ்சு பேர்ல டீச்சரும் உண்டா?

– இல்லம்மா.

– பக்கத்து மருந்துக்கடைக்காரர்?

– அவரும் இல்ல.

– பின்ன யாரு?

– யாரும் சொல்லல.

– சத்தமாச் சொல்லுங்க, இந்தப் பக்கம் சரியாக் கேக்காது.

– ஒருத்தரும் சொல்லலம்மா. எப்ப வருவா, எப்ப வருவான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. எனக்குத்தான் முடியல. நீ இங்க நின்னா நாள் பூரா உன் முகத்தை நான் பார்க்கணும். அடுப்புக்குப் போற கேஸ் குழாய் கசியுதுன்னு மெக்கானிக் அது வெடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொன்னான். ஆர்டர் நிறைய இருந்துச்சு, அடுப்பை நிறுத்த மனசு வரல. ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

– குழாயை எப்ப மாத்தினீங்க?

– வெடிச்ச மறுநாளே மாத்திட்டேன்மா.

– மறுநாள்.

– ராத்திரி படுத்தாத் தூக்கம் இல்லம்மா எனக்கு. உனக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பியோன்னு...

– எனக்குத் தெரியும். மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லி அழுதுட்டுப் போனாரு.

– தெரிஞ்சுமா இங்க வந்தே?

– தெரிஞ்சுதான் வந்தேன். உங்களை மன்னிக்கறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல, அதுக்கு நாளாகும். ஆனா தப்புப் பண்ணினது நீங்க, ஒளிஞ்சுக்க வேண்டியவ நானா? யாராவது உள்ள போய் உக்காரணும்னா நீங்க போங்க முதலாளி, கவுண்டரை நான் பார்த்துக்கறேன்.