கவலைப்பட வேண்டாம், கையில் எடுத்துவிட்டோம்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. அரைகுறையாக விட்ட வேலையைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்துதான் அந்தச் சமூக வலைதளத்தைத் தொடங்கினோம். முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது, உள்ளே என்ன ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மேடையேறிச் சொன்னால் கைதட்டுவார்கள். மூன்று வருடத்தில் சலித்துவிட்டது. இலவசமாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு வாய் நீளம். எழுத்து சின்னதாக இருக்கிறதாம், படம் ஏற மாட்டேன் என்கிறதாம். இதுகளுக்கா மாரடிக்கிறோம் என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் வேலைக்கு மாறிவிட்டோம்.

தளத்தை மூடியிருக்கலாமே என்கிறீர்கள். மூடினால் தோற்றவன் என்பார்கள். பயனர்களில் ஒருவரான பள்ளி ஆசிரியர் அலுவலகத்துக்கே வந்தார். "பாஸ்வேர்டை மட்டும் குடுங்க சார், நாங்க நாலு பேர் முறை வச்சுப் பாத்துக்கிறோம்" என்று கெஞ்சினார். நாங்கள் விலகினால் பயனர்களிடம் ஒப்படைப்போம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தோம், உண்மைதான். ஆனால் நான் விட்டதை ஒரு வாத்தியார் ஓட்டிக் காட்டினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்தேன். யார் புகார் அனுப்பினாலும் இரண்டு நொடியில் தானாகவே பதில் போகும்: "உங்கள் புகாரைக் கையில் எடுத்துவிட்டோம். கவலைப்பட வேண்டாம்." ஆள் இருக்கிறது என்று நம்பி எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அவ்வளவு லேசாக ஏமாறுகிறவர்கள் மேல் எப்படி மரியாதை வரும், சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அடித்து உதைத்த கணவனை விட்டு, மகளோடு வேறு ஊரில் மறைந்திருந்தவர். அவருடைய புது விலாசத்தை எங்கள் தளத்தில் யாரோ போட்டுவிட்டார்கள். எடுத்துவிடச் சொல்லி ஒன்பது முறை எழுதினார். வீடு மாறிவிடு என்று தங்கை சொன்னபோது, "அவங்க பாத்துக்குறாங்கடி, உடனே பதில் போட்டிருக்காங்க" என்றாராம். தங்கை உங்களிடம் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

யாருமே அதையெல்லாம் படிக்கவில்லை என்று மச்சான் சொல்லியிருப்பான். பாவம், அவனுக்குத் தெரியாது. பதில் ஒழுங்காகப் போகிறதா என்று தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே நான் பார்ப்பேன். ஒன்பதையும் படித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் விலாசம் அழிந்திருக்கும். அழுத்தியிருந்தால் எழுதினால் வேலை நடக்கிறது என்று தெரிந்து, மொத்தக் கூட்டமும் மறுபடி என் தலையில் ஏறியிருக்கும். ஒருத்திக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்யவேண்டி வரும்.

ஒன்பதாவது புகார் ஒரே வரி. "எதிர்க் கடையில நிக்கிறார், பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்புற நேரம்." அடுத்த அரை மணியில் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. குழந்தை மட்டும் பிழைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது.

அந்தப் புகாருக்கும் இரண்டு நொடியில் பதில் போனது. போனதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து கோப்பையைக் கழுவினேன். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார், பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் தளத்தில் பதில் கிடைக்காமல் போனவர் ஒருவர்கூடக் கிடையாது.